மாமரத்தடியில் ஒரு கலாசாலை

திரைப்படக் கலையைக் கல்லூரியில் வைத்துக் கற்பிக்க முடியுமா? இந்தக் கேள்வி நம் நாட்டில் ஓயாமல் எழுகிறது. பிள்ளையைச் சேர்க்க வரும் தந்தை, இதைப் படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்று கேட்கிறார். படத்தொழிலில் அடிபட்டு மேலே வந்தவரோ, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்கிறார். படித்த பெருமக்கள் சிலர், கூத்தைப் படிக்க ஒரு கல்லூரியா என்று முகம் சுளிக்கிறார்கள். இன்று காமிராவோடு கணினியும் சேர்ந்துகொண்டது. கைப்பேசியிலேயே படம் பிடித்து, கைப்பேசியிலேயே வெட்டி ஒட்டி, ஊருக்குக் காட்டிவிடுகிறான் கல்லூரி மாணவன். அதற்கும் பாடத்திட்டம் வந்துவிட்டது, பட்டம் வந்துவிட்டது. கருவிதான் மாறிற்று, கேள்வி மாறவில்லை!

வாதம் செய்து இதற்கு விடை காண நாம் முயலப்போவதில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லப்போகிறோம். அவர் ஆசிரியராக இருந்த காலம் மிகச் சிறிது. அவர் எடுத்த படங்களோ, ஒன்றைத் தவிர, கொட்டகைக்காரருக்கு நட்டத்தையே தந்தன. அவர்தான் ரித்விக் கட்டக்.

1925-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் டாக்காவில் பிறந்தார் கட்டக். தந்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்த அரசு அலுவலர். வசதிக்குக் குறைவில்லாத வீடு. உடன் பிறந்தாள் இரட்டைச் சகோதரி. மூத்த அண்ணன் மனீஷ் கட்டக் எழுத்தாளர். அந்த அண்ணனின் மகள்தான் பிற்காலத்தில் பழங்குடி மக்களின் துயரை எழுதிப் புகழ்பெற்ற மகாசுவேதா தேவி. ஆறும் படகும், படகோட்டியின் பாட்டும் சூழ வளர்ந்த பிள்ளை அவர். பத்மா நதி அவருக்குத் தாயைப் போல.

1943-இல் வங்கத்தைப் பஞ்சம் கவ்விற்று. சோறு வேண்டாம், கஞ்சித் தண்ணீர் தந்தால் போதும் என்று கையேந்திய மக்கள் தெருவோரங்களில் இலட்சக்கணக்கில் மாண்டனர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1947-இல் நாடு விடுதலை பெற்றது, வங்கம் இரண்டாயிற்று. பத்மா நதி அந்தப் பக்கம், கட்டக் இந்தப் பக்கம்! கொடி ஏற்றிக் கொண்டாடியவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தில் பாய் விரித்துப் படுத்த குடும்பங்களுக்கு அந்த விடுதலை எப்படித் தோன்றியிருக்கும்? அதைக் கேட்பதற்கே பிறந்தவர்போல் கட்டக் வாழ்ந்தார்.

முதலில் கதை எழுதினார். கதையைப் படிப்பவர் சிலரே என்று கண்டு, நாடகத்துக்குப் போனார். இந்திய மக்கள் நாடக மன்றத்தில் எழுதினார், நடித்தார், இயக்கினார். ஜெர்மானிய நாடக ஆசிரியர் பிரெக்டின் நாடகங்களை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். நாடகம் பார்ப்பவர் ஆயிரம் பேர் என்றால், படம் பார்ப்பவர் பல இலட்சம் அல்லவா? ஆகவே படத்துக்கு வந்தார். இதைவிட மேலான கருவி ஒன்று நாளை கிடைக்குமானால் சினிமாவையும் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்ற கருத்தை அவர் ஒளிக்காமலே சொல்லிவந்தார். கருவி மீது காதல் கொண்டு கதியிழப்போர் நிறைந்த இந்தக் காலத்தில், இந்த ஒரு கருத்தையே ஒரு பருவம் முழுதும் பாடமாக நடத்தலாம்.

அவர் படத்துறையில் காலெடுத்து வைத்தபோது துணையாக இருந்தவர்களில் ஒருவர் நிமாய் கோஷ். அகதிகளின் துயரை அகதிகளையே நடிக்கவைத்துப் படமாக்கிய 'சின்னமூல்' அவருடையது. அதில் கட்டக் உதவி இயக்குநராகப் பணியாற்றியதோடு நடித்தும் இருக்கிறார். நிமாய் கோஷ் என்ற பெயர் தமிழருக்குப் புதிதல்ல. சென்னைக்கு வந்து குடியேறி, 1960-இல் 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப்படத்தை இயக்கியவர் அவர்தான். அதற்கு இசையமைத்தவர் எம். பி. சீனிவாசன், இசையமைப்பாளராக அவருக்கு அது முதல் படம். இந்த இரு பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். காரணம் பிறகு விளங்கும்.

கட்டக் தாமே எடுத்த முதல் படம் 'நாகரிக்'. 1952-இல் முடிந்தது. கொட்டகைக்கு வரவில்லை! பெட்டிக்குள் முடங்கிற்று. பண்பாட்டுப் பணியில் கட்சி செல்ல வேண்டிய வழி பற்றி 1954-இல் அவர் ஓர் அறிக்கை எழுதிக் கம்யூனிஸ்ட் கட்சியிடம் தந்தார். மறு ஆண்டு கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். கட்சி ஏட்டில் எழுதும் நமக்கு இதைச் சொல்லக் கூச்சமில்லை. கலைஞனை வைத்துக்கொள்ளத் தெரியாத குறை ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று.

வயிற்றுப்பாட்டுக்குப் பம்பாய் சென்றார். பிமல் ராயின் 'மதுமதி'க்குக் கதை எழுதினார். 1958-இல் வெளிவந்த அப்படம் நாடெங்கும் ஓடி வசூலைக் குவித்தது. அந்த வழியிலேயே நடந்திருந்தால் மாடிவீடும் மோட்டாரும் வந்திருக்கும். ஆனால் அதே ஆண்டு அவர் வங்காளத்தில் எடுத்து வெளியிட்ட 'அஜாந்த்ரிக்' படத்தின் நாயகனுக்கு வாய்த்த மோட்டார், பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய ஒரு ஓட்டை வண்டி! அந்த வண்டியை உயிருள்ள துணையாகவே எண்ணி வாழும் ஒரு டாக்சி ஓட்டியின் கதை அது.

1960-இல் 'மேகே டாகா தாரா' வந்தது. அகதிக் குடும்பம் ஒன்றின் மூத்த மகள் நீத்தா. அவள் சம்பளத்தில் தம்பி படிக்கிறான், தங்கை பட்டுடுத்துகிறாள், அண்ணன் பாடகனாகிறான். அவளுக்குக் கிடைத்ததோ காசநோய். காதலித்தவனும் தங்கைக்குக் கணவனாகிவிடுகிறான். அவன் வீட்டிலிருந்து உண்மை தெரிந்து அவள் படி இறங்கி வருகிறாள். திரையில் நாம் காண்பது அவள் முகம். காதில் விழுவது சவுக்கு வீசும் ஒலி! சவுக்கும் இல்லை, அடிப்பவனும் இல்லை. கண்ணீர் வரவழைக்க நூறு பக்கம் வசனம் எழுதுவோர் நாட்டில், ஒரு சவுக்கொலி போதும் என்று கண்டவர் அவர். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறொன்று. இரண்டும் மோதும் இடத்தில் மூன்றாவதாக ஒரு பொருள் பார்ப்பவன் நெஞ்சில் பிறக்கிறது. திரைப்படம் கற்கும் மாணவன் முதலில் கற்கவேண்டியது இதுவே.

அப்படம் மட்டும் ஓடிற்று. அடுத்த 'கோமல் காந்தார்' ஓடவில்லை. அதில் ஒரு காட்சி. எல்லையில் பத்மா நதிக்கரை. முன்பு இரு வங்கத்தையும் இணைத்த ரயில் பாதை அங்கே வந்து முடிகிறது. காமிரா தண்டவாளத்தின் மீது விரைந்து ஓடி, தடுப்புக் கட்டையில் போய் முட்டுகிறது, திரை இருண்டுவிடுகிறது. பிரிவினை என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நாம் கண்டதில்லை.

மூன்றாவது 'சுபர்ணரேகா'. 1962-இல் எடுத்து 1965-இல்தான் வெளிவந்தது. ஈசுவரன் என்ற அகதி, தங்கை சீதாவோடு அபிராம் என்ற அநாதைச் சிறுவனையும் வளர்க்கிறான். பிள்ளைகள் வளர்ந்து காதலர் ஆகிறார்கள். அபிராம் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவன் என்று தெரிகிறது. சோறூட்டி வளர்த்த கை மாலை எடுத்துத்தர மறுக்கிறது! ஓடிப்போய் மணந்துகொள்கிறார்கள். அபிராம் இறக்கிறான், வறுமை சீதாவை விலைமகள் ஆக்குகிறது. ஒரு நாள் குடிவெறியில் அவள் வாசலுக்கு வருபவன் சொந்த அண்ணன். அவள் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். சீதை, இராமன் என்ற பழம்பெயர்களை எடுத்து, அந்தப் பெயர்களை வைத்தே சமுதாயத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றினார் கட்டக். புராணத்தைப் பக்திப்படம் எடுக்கப் பயன்படுத்துவோரை நாம் அறிவோம். இப்படிப் பயன்படுத்தியவரை அவரிடத்தில்தான் கண்டோம்.

அந்தப் படத்தோடு கைப்பொருள் போயிற்று. குடி வந்து சேர்ந்தது. முழுநீளப் படமொன்றை மீண்டும் எடுத்து முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்த நிலையில்தான் பூனா அழைத்தது.

பூனாவில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடம் அது. 'சந்த் துக்காராம்' போன்ற படங்கள் பிறந்த நிலம். நாட்டின் படத்தொழிலை ஆராய்ந்த பாட்டீல் குழு, பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்று 1951-இல் பரிந்துரைத்தது. ஒன்பது ஆண்டுகள் உறங்கி எழுந்த அரசு, 1960-இல் அந்த ஸ்டூடியோ வளாகத்தில் திரைப்படக் கல்லூரியைத் திறந்தது. 1964-இல் அதே நகரில் திரைப்படக் காப்பகமும் வந்தது. உலகப் படங்களைப் போட்டுப் பார்க்க வழி பிறந்தது. 1965-இல் அங்கு ஆசிரியராகச் சென்ற கட்டக், துணை முதல்வராகவும் ஆனார்.

துணை முதல்வர் என்றால் நாற்காலி, மேசை, மணியடித்தால் ஓடிவரும் சேவகன் என்று நாம் நினைப்போம். அவரோ வளாகத்திலுள்ள ஒரு மாமரத்தின் அடியில் உட்கார்ந்தார். மாணவர்கள் சுற்றி அமர்ந்தார்கள். விவேக மரம் என்று அம்மரத்துக்குப் பெயரே நிலைத்துவிட்டது. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டம்கின்' படத்தைப் பேசுவார். அங்கிருந்து இராகத்துக்குத் தாவுவார். இராகத்திலிருந்து நாட்டுப்புறத் தாய்த்தெய்வத்துக்கு. காமிராவின் அகன்ற கோண லென்ஸ் முகத்தைக் காட்டும்போதே பின்னாலுள்ள நிலத்தையும் விடாமல் காட்டுகிறது. மனிதனை அவன் மண்ணோடு சேர்த்துப் பார்க்க அது உதவும் என்பது அவர் படங்களே காட்டும் பாடம். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே 'ஃபியர்' என்ற குறும்படத்தையும் எடுத்தார்.

குடித்துவிட்டு வரும் ஒருவரை ஆசிரியராக வைத்திருக்கலாமா? நேர்மையான கேள்விதான். குடியை நாம் கலைஞனின் அணிகலன் என்று கூறமாட்டோம். அது அவரைக் கொன்றது. அவர் அங்கு நெடுநாள் நிலைக்கவும் இல்லை. ஆனால் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போய் ஓய்வூதியம் பெற்ற எத்தனை ஆசிரியரின் பெயரை மாணவர் வாழ்நாள் முழுதும் சுமந்தார்கள்? மணி கவுல் சுமந்தார். 1969-இல் 'உஸ்கி ரோட்டி' எடுத்தார். குமார் ஷஹானி சுமந்தார். 1972-இல் 'மாயா தர்ப்பண்' எடுத்தார். இருவர் படமும் குருவின் படத்தைப்போல் இல்லை! குருவின் உணர்ச்சி வெள்ளம் அவற்றில் கிடையாது. மெல்ல நகர்பவை, அடங்கிய குரலில் பேசுபவை. நகல் எடுக்கக் கற்றுத்தரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? தம் படங்களை ஒரு தட்டிலும் பூனாவில் செய்த ஆசிரியப் பணியை மறுதட்டிலும் வைத்தால், பணி வைத்த தட்டே தாழும் என்று பின்னாளில் கட்டக் கருதினார்.

பூனாவை விட்டபின் உடலும் மனமும் நொந்தன. மனநோய் மருத்துவமனையிலும் சிலகாலம் இருக்க நேர்ந்தது. அங்கும் சும்மா இருந்தாரில்லை. உடனிருந்த நோயாளிகளை நடிகராக்கி நாடகம் போட்டார். 1970-இல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. வங்கதேசம் பிறந்தபின் அங்கு சென்று, 1973-இல் மீனவர் வாழ்வைக் கூறும் 'திதாஸ் ஏக்டி நதிர் நாம்' படத்தை முடித்தார். ஆறு மீண்டும் அவருக்குக் கிடைத்தது, நலம் கிடைக்கவில்லை. கடைசிப் படமான 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ'வில் குடிகார அறிவாளியாகத் தாமே நடித்தார். தம்மைத் தாமே பழித்துக்கொண்டார். 1976 பிப்ரவரி 6-ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். வயது ஐம்பதுதான்.

மறு ஆண்டு, 1977-இல், பெட்டிக்குள் கிடந்த முதல் படம் 'நாகரிக்' கொட்டகைக்கு வந்தது. கடைசிப் படமும் அதே ஆண்டில்தான் வந்தது. இரண்டையும் திரையரங்கில் காண அவர் இல்லை.

அதே 1977-இல் தமிழில் ஒரு படம் வந்தது. பூனாவில் கட்டக்கிடம் பயின்ற கேரளத்து ஜான் ஆபிரகாம், ஆயுள் காப்பீட்டு வேலையை விட்டுவிட்டுப் படம் கற்கப் போனவர், எடுத்த 'அக்கிரகாரத்தில் கழுதை'. தாயிழந்த கழுதைக்குட்டியை ஒரு பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். கல்லூரி சிரிக்கிறது; அக்கிரகாரம் கொதிக்கிறது. கழுதையை அடித்துக் கொன்றவர்களே, பிறகு அதற்கு மகிமை உண்டென்று அஞ்சி வழிபடக் கிளம்புகிறார்கள். சிறந்த தமிழ்ப்படம் என்று தேசிய விருது கிடைத்தது. ஆயினும் பிற்காலத்தில் தொலைக்காட்சியில் காட்ட ஏற்பாடானபோது எதிர்ப்பு எழுந்து, காட்டாமலே விட்டார்கள். ஜான் சோரவில்லை. நண்பர்களோடு 'ஒடேசா' என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டி, 1986-இல் 'அம்மா அறியான்' எடுத்தார். ஒடேசா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொட்டம்கின் கப்பலின் கதையை அறிந்தவர் அறிவர்.

'அக்கிரகாரத்தில் கழுதை'யில் அந்தப் பேராசிரியராக நடித்தவர் யார் என்று வாசகர் கேட்கலாம். நினைவில் வைக்கச் சொன்னோமே! நிமாய் கோஷின் தமிழ்ப் படத்துக்கு இசையமைத்த அதே எம். பி. சீனிவாசன்தான்.