இரண்டாயிரம் ரூபாய்க் கார்

மேற்குத் தாம்பரத்தில் என் தந்தையாருக்கு ஒரு சிறு மோட்டார்ப் பட்டறை உண்டு. தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் அம்பாசிடரின் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டிவிடுவார். ஆனால் இன்று வரும் வண்டிகளைக் கண்டால் அவர் கை தயங்குகிறது. பானெட்டைத் திறந்ததும் வேண்டியது ஸ்பானர் அன்று, கணினிக் கருவி! அதை வாங்க எங்களிடம் பணம் இல்லை. குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கமிருந்து வருவோரோ, ஆடம்பரமில்லாமல் மலிவாக ஒரு வண்டி கிடைக்காதா என்று கேட்கின்றனர். அப்போதெல்லாம் அப்பா சொல்லும் பெயர் ஒன்றுதான்: ஜி. டி. நாயுடு.

அவர் கோவையை அடுத்த கலங்கலில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. (நம்மில் சிலருக்கு இது ஆறுதலான செய்தி, ஆனால் அடுத்து வருவதையும் படித்துவிடுங்கள்.) வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர், அதை வாங்குவதற்காகவே ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கிய பின் ஊர் சுற்றினாரா? இல்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அவருடைய பொறியியல் கல்லூரி அதுதான்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்துடன் தொழில் தொடங்கினார். அதுவே யு. எம். எஸ். என்று பெரிய நிறுவனமாக வளர்ந்தது. மின்சார மோட்டார், சவரக் கருவி என்று அவர் கை படாத துறை குறைவு. கோவையில் தொழிற்கல்வி நிலையமும் கண்டார்.

என் நெஞ்சைத் தொட்டது 1952ஆம் ஆண்டுச் செய்தி. இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய்! அந்நாளில் தொழிற்சாலை நடத்த அரசின் உரிமம் வேண்டும். அது கிடைக்கவில்லை, கார் அத்துடன் நின்றது. பிறகு நம் பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவாயின. ஆனால் அவை இரண்டாயிரம் ரூபாய்க் கார்கள் அல்ல.

அப்பாவுடன் எனக்கு ஒரு வழக்கு உண்டு. உயிர் காக்கும் காற்றுப்பை வேண்டாமா என்பேன். அது வேண்டும், காருக்குள் தொலைக்காட்சி எதற்கு என்பார். அங்கே நான் தோற்றுவிடுவேன்.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில். பழைய மாருதி ஒன்று இப்போதும் எங்கள் பட்டறை வாசலில் நிற்கிறது. சென்ற ஞாயிறு அதை அப்பா பத்தாம் நம்பர் ஸ்பானரோடு உட்கார்ந்து சரிசெய்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.