சேர் சி. வி. இராமன் (1888 – 1970)

மாணவர்களே, சலவைத் தூளிட்டுத் தோய்த்த உங்கள் வெள்ளைச் சீருடை வெயிலில் பளிச்சிடுவதைக் கண்டிருப்பீர்கள். பல சலவைத் தூள்களில் நிறமற்ற ஒருவகைச் சாயம் உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிரை உறிஞ்சி, நீல ஒளியை வெளிவிடுகிறது. இதுவே புளோரொளிர்வு. இராமனின் கண்டுபிடிப்புக்குக் குறுக்கே நின்ற சந்தேகமும் இதுதான்.

இராமன் 1888 நவம்பர் 7 இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்று, 1907 இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவலக நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் ஆய்வுகூடத்திலேயே கழிந்தது. 1917 இல் அப்பதவியைத் துறந்து, குறைந்த சம்பளத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921 கப்பற் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் அதற்குக் காரணம் எனக் கண்டார். 1923 இல் அவரது மாணவர் கே. ஆர். இராமநாதன், திரவங்கள் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒளியையும் கண்டார். அது மாசுகளின் புளோரொளிர்வாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மையாக்கியும் அவ்வொளி மறையவில்லை.

1928 இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஒரு சோதனை செய்தனர். சூரிய ஒளியை ஊதா வடிகட்டியினூடாகத் திரவத்திற் செலுத்தி, சிதறிய ஒளியை ஊதாவை முற்றாக உறிஞ்சும் வேறொரு வடிகட்டியினூடாகப் பார்த்தனர். நிறம் மாறாவிடின் எதுவும் தெரியக்கூடாது. ஆனால் ஒளி தெரிந்தது! சுமார் அறுபது திரவங்களிலும் அவ்வாறே. அவ்வொளி நன்கு முனைவாக்கப்பட்டிருந்ததால், அது சாதாரண புளோரொளிர்வு அன்று என்பது தெளிவாயிற்று.

வேறுபாட்டைக் கவனியுங்கள். சாயம் ஒளியை முதலில் உறிஞ்சிப் பின்னரே வெளிவிடுகிறது. இராமன் விளைவில் உறிஞ்சல் தேவையில்லை. சிதறும்போதே ஒளி தன் சக்தியில் ஒரு பகுதியை மூலக்கூறுக்குக் கொடுத்து, நீண்ட அலைநீளத்துடன் வெளியேறுகிறது.

1930 இல் அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்தில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. முதுமையில் பூக்களின் நிறங்களை ஆராய்ந்த அவர், 1970 நவம்பர் 21 இல் பெங்களூரில் காலமானார்.

நினைவிற் கொள்க: கண்ட ஒளியை உடனே கண்டுபிடிப்பு என அவர் கூறவில்லை. மாசாக இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்த பின்னரே உலகிற்கு அறிவித்தார்.

பயிற்சி: இரண்டாவது வடிகட்டி இல்லாதிருந்தால் இராமனுக்கு என்ன தெரிந்திருக்கும்? காரணம் தருக.