தயிரை நம்பிய விஞ்ஞானி

சென்ற வருடம் தம்பிக்குக் காது நோவு வந்து டொக்டர் அண்டிபயோட்டிக் கொடுத்தார். காது சுகமாகியது, வயிற்றோட்டம் தொடங்கியது. மோரும் சோறும் கொடுக்க வேண்டுமென்றார் உம்மம்மா. பால் சாமான் எதுவுமே கூடாதென்றார் உம்மா. உயர்தர உயிரியல் படிக்கிறவள் என்ற தைரியத்தில் நான் புத்தகங்களைப் புரட்டியபோது சந்தித்தவர்தான் எலீ மெச்னிகோவ். பெயரைக் கேட்டுத் தம்பி அந்த வயிற்று நோவிலும் சிரித்தான்.

இன்றைய உக்ரேனின் கார்கிவ் நகரை அண்டிய கிராமமொன்றில் 1845 இல் பிறந்தவர் அவர். நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். முதல் மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். திருமணத்தன்றே அவரைக் கதிரையில் வைத்துத்தான் தூக்கி வந்தார்கள். 1873 இல் லுட்மிலா இறந்தபோது மெச்னிகோவுக்கு வாழவே விருப்பமற்றுப் போயிற்று. பின்னாளில் மனித ஆயுளை நீட்டுவது எப்படி என்று எழுதியவரும் இதே மனிதர்தான்.

1882 இல் இத்தாலியின் மெசினாக் கடற்கரையில் தங்கியிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போன ஒரு நாள், நுணுக்குக்காட்டியோடு தனியே இருந்தவர், கண்ணாடி போன்ற உடுமீன் குடம்பிகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். விடிந்து பார்த்தால் முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன. உடலுக்குள் நுழையும் கிருமியை உடலின் கலங்களே விழுங்குகின்றன என்ற கருத்து அங்கே பிறந்தது. நாம் தின்குழியம் என்று மனனம் செய்வது இதைத்தான். இதற்காக 1908 இல் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலையில் வந்தால் நம் கரையில் உதறி எறிகிற உடுமீனை இப்போது கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

1888 முதல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். முதுமை பற்றிய யோசனை அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது. பெருங்குடலில் உணவை அழுகச் செய்யும் பற்றீரியாக்களின் நஞ்சே நம்மைக் கிழடாக்குகிறது என்று நம்பினார். பல்கேரியக் கிராமத்தவர் புளித்த பாலை உண்டு நெடுங்காலம் வாழ்வதாகக் கேள்விப்பட்டார். அந்தத் தயிரின் பற்றீரியாவை ஸ்டாமென் கிரிகொரொவ் என்ற பல்கேரியர் 1905 இல் இனங்கண்டிருந்தார். அது உண்டாக்கும் அமிலம் குடலில் அழுகலைத் தடுக்கும் என்பது மெச்னிகோவின் கணக்கு. புளிப்பு இருப்பதால் அச்சாறு பழுதாகாததைப் போல. தானும் தினமும் புளித்த பால் குடித்தார்.

இதில் பாதி பிழை. அந்தப் பிழைக்கு விலையும் இருந்தது. பெருங்குடலே வேண்டாத உறுப்பு என்ற எண்ணத்தில், லண்டனில் ஆபுத்நொட் லேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மலச்சிக்கல் நோயாளர் பலரின் பெருங்குடலை வெட்டியே அகற்றினார். சிலர் இறந்தும் போனார்கள். உண்மையில் அங்குள்ள பற்றீரியாக்கள் நமக்குச் சமிக்காத நாரைப் புளிக்கவைத்துக் குடற்சுவரின் கலங்களுக்கு உணவாக்குகின்றன. நோய்க்கிருமிக்கு இடம் விடாமல் நெருங்கி இருக்கின்றன. தம்பியின் மருந்து காதுக் கிருமியோடு இவர்களில் பலரையும் அழித்துவிட்டது. மெச்னிகோவின் தயிர்ப் பற்றீரியாவோ குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்று பின்னர் தெரியவந்தது.

மற்றப் பாதி நிலைத்தது. தகுந்த பற்றீரியாவைப் போதிய அளவில் உயிரோடு உட்கொண்டால் நன்மை உண்டு. அதைத்தான் இன்று புரோபயோட்டிக் என்கிறார்கள். இந்தியாவின் ஒடிசாக் கிராமங்களில் 4,500 இற்கும் அதிகமான பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. குருதியில் கிருமி பரவுதல் போன்ற கடுமையான தொற்றுக்கோ மரணத்துக்கோ உள்ளானவர்கள், புரோபயோட்டிக் பெறாத குழந்தைகளில் 9 வீதம், பெற்றவர்களில் 5.4 வீதம். ஆனால் அது வீட்டுத் தயிரல்ல. தெரிந்தெடுத்த ஒரே பற்றீரியா, அதற்கு இரையாக ஒருவகைச் சர்க்கரை, அளந்த அளவு.

ஆகவே தம்பிக்கு முதலில் ஜீவனி, பிறகு மோர் என்று தீர்ப்புச் சொன்னேன். உம்மாவும் ஒத்துக்கொண்டார். உம்மம்மாவுக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது: அவ்வளவு தயிர் குடித்த மனிதர் எத்தனை வயது வரை இருந்தார்? 1916 இல் இருதய நோயால், 71 வயதில் மௌத்தானார் என்றேன். 76 வயதான உம்மம்மா சிரித்துக்கொண்டே நாளைய பாலுக்கு உறைமோர் எடுத்து வைக்கப் போனார்.