மணிக்கூலிக்காரர்களுக்காக மெம்பிஸ் போனவர்

ஏப்ரல் என்றால் நம் சேரிகளில் 14-ஆம் தேதிதான் நினைவுக்கு வரும். நீலக்கொடி, அண்ணல் சிலைக்கு மாலை, பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி. அதற்குப் பத்து நாள் முன்பே இன்னொரு நினைவு நாள் வந்து போய்விடுகிறது. 1968 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் அவரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பேருந்தில் சம இருக்கைக்குப் போராடியவர், வாஷிங்டனில் தம் கனவைப் பற்றிப் பேசியவர், நோபல் பரிசு பெற்றவர். அவர் எந்த வேலையாக மெம்பிஸுக்குப் போயிருந்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கத்தான் போயிருந்தார்.

கிங் 1929 ஜனவரி 15 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தை பாப்டிஸ்ட் சபையின் போதகர். தந்தைவழித் தாத்தாவோ வெள்ளைக்காரர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர். விதையும் கடன், சோளமாவும் கடன், அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் மிச்சம் பண்ணையாருக்கு என்ற அந்த ஏற்பாட்டை நம் ஊர் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கிங் பசியறியாமல் வளர்ந்தார் என்றாலும் தாத்தாவின் கதை அந்த வீட்டில் மறக்கப்படவில்லை. பதினைந்து வயதில் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கோடை விடுமுறையில் வடக்கே கனெக்டிகட் மாநிலத்துப் புகையிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். 1953-ல் கொரெட்டா ஸ்காட்டை மணந்தார். 1955-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த ஆண்டின் டிசம்பரில் மான்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்து இடம்விட மறுத்துக் கைதானார். தொடர்ந்து நடந்த பேருந்துப் புறக்கணிப்புக்கு இருபத்தாறு வயது போதகரான கிங் தலைமை ஏற்றார். புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். எனக்கு இந்தப் போராட்டத்தில் பெரிதாகத் தெரிகிறவர்கள் வெள்ளையர் வீடுகளில் சமைக்கவும் துணி வெளுக்கவும் போன பெண்கள். ஓராண்டுக்கு மேல் பேருந்தில் ஏறாமல் வேலைக்கு நடந்தே போனவர்கள் அவர்கள்தாம்.

1958 செப்டம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கிங் தம் புத்தகத்தில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தபோது, மனநலம் குன்றிய பெண் ஒருவர் காகிதம் பிரிக்கும் கத்தியை அவர் மார்பில் குத்திவிட்டார். கத்தி முனை பெருந்தமனியை ஒட்டி நின்றது. ஒரு தும்மல் வந்திருந்தாலும் உயிர் போயிருக்கும் என்றார்கள் மருத்துவர்கள். நகர நிர்வாகம் நடத்தும் ஹார்லெம் பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அவரைக் காப்பாற்றினார்கள். அக்காலத்தில் தென் மாநிலங்களின் மருத்துவமனைகள் பலவற்றில் கறுப்பினத்தாருக்குத் தனி வார்டு. சிலவற்றில் சேர்ப்பதே இல்லை.

உடல் தேறியதும், 1959 பிப்ரவரியில், கொரெட்டாவுடன் இந்தியா வந்தார். ஒரு மாதம் சுற்றினார். சென்னை, காந்திகிராமம், மதுரை, கன்னியாகுமரி என்று நம் பகுதிகளுக்கும் வந்தார் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. திருவனந்தபுரத்தில் நடந்த ஒன்றைப் பின்னாளில் அவரே தம் சபையில் சொல்லியிருக்கிறார். தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. பிறகு தம் நாட்டின் இரண்டு கோடி கறுப்பின மக்களின் வாழ்வை எண்ணிப் பார்த்து, ஆம், நான் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார்.

1963 வாஷிங்டன் பேரணி வேலைக்கும் விடுதலைக்குமாக அழைக்கப்பட்ட பேரணி. வேலை என்ற சொல் பாடத்தில் உதிர்ந்துவிடுகிறது. 1964-ல் குடியுரிமைச் சட்டமும் நோபல் பரிசும் வந்தன. 1965-ல் வாக்குரிமைச் சட்டம். அதே ஆண்டு 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசே மருத்துவச் செலவு தரும் மெடிகேர் திட்டமும் வந்தது. இந்தப் பணம் வேண்டுமென்றால் நிறப் பாகுபாடு கூடாது என்று சட்டம் சொன்னதால், பல பத்தாண்டுகளாக இருந்த தனி வார்டுகளை ஏராளமான மருத்துவமனைகள் சில மாதங்களில் எடுத்துவிட்டன. நல்லெண்ணம் செய்யாததைப் பணம் செய்தது.

கதவு திறந்தது, ஆனால் உள்ளே போகக் காசு வேண்டுமே. கிங் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். 1966-ல் சிகாகோவின் குடிசைப் பகுதி ஒன்றில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கினார். அந்த மார்ச்சில் அதே நகரில், அநீதிகள் எல்லாவற்றிலும் மிகக் கொடியது, மனிதத்தன்மை அற்றது, உடல்நலத்தில் காட்டப்படும் அநீதியே என்று அறிவித்தார். நியூயார்க்கில் மருத்துவமனைகளைத் துடைத்து, துணி வெளுத்து, நோயாளிக்கு உணவு தூக்கியவர்களின் சங்கத்தைத் தமக்கு மிகப் பிடித்த சங்கம் என்று சொல்லி வந்தார்.

இங்கே அந்த நாட்டு ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் வந்தால், வரிசையில் நிற்க வேண்டியிருந்தாலும், அரசு மருத்துவமனை என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் வேலை செய்யும் வயதிலுள்ளோருக்கு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் முதலாளி வழியாகத்தான் வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது கூலி உயர்வுக்கு அரசு உச்சவரம்பு போட்டது. கூலியைக் கூட்ட முடியாத நிறுவனங்கள் ஆள் பிடிக்கக் காப்பீடு தரத் தொடங்கின. அப்படி வேர்விட்டதுதான் இது. ஆகவே நீங்கள் நிரந்தர ஊழியரா, மணிக்கூலியா, பகுதிநேரமா என்பதே நோய் வந்தால் பிழைப்பீர்களா என்பதையும் பல நேரம் முடிவு செய்கிறது. 2010-ல் வந்த சட்டம் ஐம்பது பேருக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்கள் வாரம் 30 மணி நேரமாவது உழைப்போருக்குக் காப்பீடு தர வேண்டும் என்றது. 30-க்குக் கீழே கட்டாயமில்லை. உடனே பெருநிறுவனங்கள் கோட்டைப் பார்த்துக்கொண்டன. டார்கெட், ஹோம் டிப்போ கடைகள் பகுதிநேர ஊழியரின் காப்பீட்டை நிறுத்தின. உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் 2014 அக்டோபரில், 30 மணிக்குக் குறைவாக உழைக்கும் சுமார் 30,000 பேருக்கு அடுத்த ஜனவரி முதல் காப்பீடு இல்லை என்று அறிவித்தது. அமேசானுக்குச் சொந்தமான ஹோல் ஃபுட்ஸ் 2019-ல் ஏறத்தாழ 1,900 பேருக்கு அதையே செய்தது. அரசு மானியத்தோடு சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்பது முதலாளிகள் சொன்ன சமாதானம். சிலருக்கு அது குறைந்த விலைக்கும் கிடைத்திருக்கலாம். ஆனால் ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடி லாபம் பார்ப்பவர் தம் ஆளின் நோய்ச் செலவை அரசின் தலையில் இறக்கிவைக்கிறார் என்பதை எந்தச் சமாதானமும் மறைக்காது.

இதன் பழைய வடிவத்தைத்தான் கிங் மெம்பிஸில் பார்த்தார். அங்கே பெரிய முதலாளி மாநகராட்சியே.

மெம்பிஸில் குப்பை அள்ளியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தார். பலர் பருத்திக் காட்டை விட்டு வந்தவர்கள். மேஸ்திரிகள் வெள்ளையர். வீட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குப்பைத் தொட்டியைத் தலையிலும் தோளிலும் தூக்கி வர வேண்டும். ஓட்டைத் தொட்டியிலிருந்து அழுகல் நீர் உடம்பில் வடியும். கூலியோ, முழு வாரம் உழைத்தும் பலர் அரசின் ஏழைகள் உதவியை வாங்கித்தான் சாப்பிட வேண்டிய அளவு. மழை பெய்தால் கறுப்பினத்தாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெள்ளையருக்கு மட்டும் முழுநாள் சம்பளம் போட்டார்கள்.

1968 பிப்ரவரி 1 அன்று நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தொழிலாளர்கள் ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பக்கத்துக்குள் ஏறி நின்றார்கள். வீட்டுத் திண்ணைகளில் அவர்கள் ஒதுங்கக் கூடாது. குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கி இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கியது. அந்தப் பழைய லாரிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள்.

இருவரும் மணிக்கூலிப் பட்டியலில் இருந்தவர்கள். எனவே விபத்து இழப்பீடு இல்லை. நகராட்சியின் ஆயுள் காப்பீட்டில் சேர வேண்டுமானால் தொழிலாளியே பணம் கட்ட வேண்டும், அந்தக் கூலியில் அது நடக்காது. ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்து நகராட்சி கணக்கை முடித்தது. வாக்கரின் மனைவி அப்போது கர்ப்பிணி.

நம் நகராட்சிகளில் இன்று பெயர் மாற்றிவிட்டோம், தூய்மைப் பணியாளர் என்கிறோம். ஆள் மட்டும் ஒப்பந்தக்காரர் பட்டியலில் இருக்கிறார். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், அட்டை கைக்கு வரவில்லை என்று சொல்லும் அக்காமார்களை நான் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-லும், 30 லட்சம் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் யார் ஆள் இவர் என்ற கேள்வியைத் தாண்டித்தான் குடும்பம் போக வேண்டும்.

பிப்ரவரி 12 அன்று மெம்பிஸில் சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. சங்க அங்கீகாரம், கூலி உயர்வு, பாதுகாப்பு ஆகியவை கோரிக்கைகள். மேயர் ஹென்றி லோப் பேச மறுத்தார். ஊர்வலத்தில் போலீஸ் கண்ணெரிச்சல் மருந்தைத் தெளித்தது. அதன்பின் தொழிலாளர்கள், நானும் மனிதன்தான் என்ற பொருள்படும் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு வரிசையாக நடந்தார்கள்.

கிங் அப்போது ஏழைகளைத் திரட்டி வாஷிங்டனில் முகாமிடும் ஏற்பாட்டில் இருந்தார். அதை விட்டு மெம்பிஸ் போவது வேண்டாத வேலை என்று உடனிருந்தவர்களே தடுத்தார்கள். ஏழைகளுக்காகத் தலைநகர் போகிறவர் வழியில் குப்பைக்காரர்களைத் தாண்டிப் போக முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மார்ச் 18 அன்று போனார். மார்ச் 28-ல் அவர் தலைமையில் நடந்த ஊர்வலம் கலவரமாகி, பதினாறு வயதுப் பையன் ஒருவன் போலீஸ் சுட்டு இறந்தான். பத்திரிகைகள் கிங்கைத் தூற்றின. அமைதியாக ஓர் ஊர்வலம் நடத்திக் காட்டியே தீர்வதென்று ஏப்ரல் 3 அன்று திரும்பினார்.

அன்றிரவு புயல் மழை. தொண்டை கட்டி, அசந்து படுத்திருந்தவரைக் கூட்டம் காத்திருக்கிறது என்று நண்பர் அபர்னதி அழைத்தார். எழுந்து போய்ப் பேசினார். பத்தாண்டுக்கு முந்தைய கத்திக்குத்தையும் வராமல் போன தும்மலையும் நினைவுகூர்ந்தார். கறுப்பினத்தார் தம் பணத்தைக் கறுப்பினத்தாரின் வங்கியில் போட வேண்டும், காப்பீட்டையும் மெம்பிஸில் உள்ள கறுப்பினத்தார் நிறுவனங்களிலேயே எடுக்க வேண்டும் என்றார். மறுநாள் மாலை ஆறு மணி கடந்ததும், லொரைன் விடுதியின் மாடி முகப்பில் நின்றபோது சுடப்பட்டார். வயது 39. நான்கு பிள்ளைகள்.

ஏப்ரல் 8 அன்று, கணவரை அடக்கம் செய்வதற்கு முதல் நாள், கொரெட்டா மெம்பிஸ் வந்து அந்த ஊர்வலத்தை நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தார்கள். ஏப்ரல் 16-ல் நகராட்சி பணிந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், பதவி உயர்வில் பாகுபாடு நீக்கம், மணிக்கு 15 சென்ட் கூலி உயர்வு, அதுவும் இரண்டு தவணையில்.

முதுமைக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. அன்று நகராட்சி ஓய்வூதியத்துக்கு வெளியே நின்றுவிட்ட அந்தத் தொழிலாளர்களில் பலர் வயதான பிறகும் லாரியை விட்டு இறங்க முடியவில்லை. ஒருவர் எண்பது வயது தாண்டியும் குப்பை லாரி ஓட்டினார். 2017-ல்தான் மெம்பிஸ் நகராட்சி, 1968 போராட்டத்தில் நின்று இன்னும் உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 50,000 டாலர் என்று அறிவித்து, பிறகு 70,000 ஆக்கியது. வாங்குவதற்கு மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள்.