ஒரே மோட்டார் சைக்கிளுடன் 47 ஆண்டுகள்!
68 வயதில் உலக சாதனை செய்த பர்ட் மன்ரோ

நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1899-ம் ஆண்டு பிறந்தவர் பர்ட் மன்ரோ. அவர் பட்டம் பெற்ற என்ஜினீயர் அல்ல. மோட்டார் சைக்கிள் விற்பனை செய்து பிழைத்தவர்.

1920-ம் ஆண்டில் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதன் பெயர் "இந்தியன் ஸ்கவுட்". பெயர்தான் இந்தியன், அதைச் செய்தது ஒரு அமெரிக்கக் கம்பெனி. அது மணிக்கு 55 மைல் வேகம்தான் ஓடும். மன்ரோவுக்கு அது போதவில்லை. இன்னும் வேகம் வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

உடைந்த ராடுகள்

பகலில் வேலை, இரவில் என்ஜின் என்று அவர் காலம் கழிந்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, என்ஜினின் உள்ளே இருந்த பாகங்கள் உடைந்தன.

என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைச் சுழலும் தண்டுக்குக் கொண்டு போவது கனெக்டிங் ராடு. வேகம் கூடினால் எல்லாப் பளுவும் அதன் தலையில்தான் விழும். அது ஒடிந்தால் என்ஜினே சிதறிவிடும்.

கெட்டியான ராடு போட்டால் என்ன? போடலாம். ஆனால் அது சுழலும்போது என்ஜின் கூட்டின் சுவரில் இடிக்கக்கூடாது. இடிக்கும் இடத்தை அராவி வழிவிட வேண்டும். கொஞ்சம் அதிகமாக அராவினாலும் சுவர் மெலிந்து வெடித்துவிடும். மயிரிழை பிசகக்கூடாத வேலை அது.

மன்ரோவிடம் பெரிய தொழிற்சாலை இல்லை. ஒரு கொட்டகைதான் இருந்தது. டிராக்டரின் அச்சை எடுத்தார். அதை வெட்டி, அராவி, தம் கையாலேயே கனெக்டிங் ராடு செய்தார். அதைக் காய்ச்சிப் பதமேற்றினார். பிஸ்டன்களையும் தாமே வார்த்தார். 600 சி.சி. என்ஜின் முடிவில் 950 சி.சி. ஆயிற்று!

உடைந்த பாகங்களை அவர் தூக்கி எறியவில்லை. கொட்டகையில் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கி வைத்தார். அவை வேக தெய்வத்துக்குத் தாம் செலுத்திய காணிக்கை என்று அங்கே எழுதியும் வைத்தார்.

இந்த ஆசைக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. மனைவி பிரிந்தார். வேலையையும் விட்டார். பிற்காலத்தில் இருதய நோயும் வந்தது. ஆனாலும் அரத்தை அவர் கீழே வைக்கவில்லை.

உப்பு வெளியில் வெற்றி

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் போன்வில் என்ற இடம் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் உப்பு வெளி. வேகப் போட்டிகள் அங்கே நடக்கும். 1962-ம் ஆண்டு மன்ரோ அங்கே தம் பழைய வண்டியை ஓட்டினார். மணிக்கு 178 மைலுக்கு மேல் பறந்து சாதனை செய்தார். அப்போது அவருக்கு வயது 63.

1967-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மறுபடியும் ஓட்டினார். இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி பார்த்தார்கள். மணிக்கு 183.586 மைல்! 1000 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளில் அது உலக சாதனை. அப்போது அவருக்கு வயது 68. வண்டிக்கு வயது 47!

மன்ரோ 1978-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. அன்று போட்ட கணக்கில் பிழை இருப்பதை அவருடைய மகன் பிற்பாடு கண்டுபிடித்தார். 2014-ம் ஆண்டு கணக்கைத் திருத்தினார்கள். சரியான வேகம் 184.087 மைல். தந்தை இறந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய சாதனை அரை மைல் உயர்ந்தது!

உடைந்த ஒவ்வொரு ராடும் அவருக்கு ஒரு பாடம். அந்தப் பாடங்களை அடுக்கி வைத்த பலகைதான் அவர் படித்த கல்லூரி.