சுழல்வதைத் தொட்டு மின்சாரம் எடுத்தவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு சைக்கிள் டைனமோவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பற்றரி, தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது என்னுடைய வேலை. அப்பா றேடியோவில் காதை வைத்தபடி இருப்பார். கை களைத்து நான் வேகத்தைக் குறைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அமுங்கிப்போகும்.

ஒருநாள் பழுதாகிப்போன டைனமோ ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கம்பிச்சுருள் சுழல்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சுருள் சுழன்றால் அதிலிருந்து வெளியே வரும் கம்பி முறுக்கி அறுந்துவிடாதா என்பது எனக்கிருந்த சந்தேகம். திறந்தபோது சுருள் அசையாமல் இருந்தது. சில்லோடு உரசிச் சுழலும் தலையின் மறுமுனையில் ஒரு காந்தம். சுழல்வது காந்தம், நிற்பது கம்பி. முறுக்குவதற்கு அங்கே எதுவுமில்லை. அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால், கம்பியே சுழல வேண்டியிருந்தால் என்ன செய்வார்கள் என்ற அடுத்த கேள்வி வந்துவிட்டது.

அதற்கான பதில் கிடைத்தது கம்பி சுற்றும் கடையொன்றில். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாததால் அந்தக் கடையில் வேலை பழக விடப்பட்டேன். ஒஸ்டின், மொறிஸ் கார்களில் இருந்து கழற்றிய பழைய டைனமோக்கள் திருத்துவதற்கு வரும். அவற்றில் சுருள்தான் சுழலும். அதன் தண்டில் செப்புத் துண்டுகளால் ஆன ஓர் உருளை இருக்கும். அந்த உருளையை இரண்டு காபன் கட்டைகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். உருளை சுழலும், கட்டைகள் நிற்கும், மின்சாரம் இரண்டுக்கும் இடையே கடந்து போகும். புதிய காபன் கிடைக்காத காலம் அது. செத்துப்போன டோர்ச் பற்றரியை உடைத்து, உள்ளே இருக்கும் கரிக்கோலை அரத்தால் ராவிப் பொருத்துவோம். பொறி பறக்கும், சீக்கிரம் தேய்ந்துபோகும். ஆனாலும் இயங்கும்.

அந்தக் கடையில் நான் கற்ற முதல் பாடம், பழுது பெரும்பாலும் சுருளிலோ காந்தத்திலோ இருக்காது என்பது. நிற்பதும் சுழல்வதும் ஒன்றையொன்று தொடும் அந்த விரற்கடை இடத்தில்தான் இருக்கும்.

மைக்கேல் பரடேயைப் பற்றிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் முறையாக வாசித்தேன். பாடப்புத்தகத்தில் அவர் ஒரு விதியின் பெயராக மட்டுமே இருந்தார். அவருடைய வாழ்க்கையை வாசித்தபோது, நாங்கள் கடையில் பட்ட அதே பாட்டை அவரும் பட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. மின்சார மோட்டரின் தொடக்கத்திலும் மின்பிறப்பாக்கியின் தொடக்கத்திலும் அவரை எதிர்கொண்டது ஒரே சிக்கல்தான்: சுழல்கின்ற ஒன்றோடு மின் தொடர்பை எப்படி அறுபடாமல் வைத்திருப்பது?

பரடே 1791 செப்டெம்பர் 22 அன்று தென் இலண்டனில் நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பன் நோயாளியான ஒரு கொல்லர். வீட்டில் வறுமை. எழுத்தும் வாசிப்பும் கொஞ்சம் கணக்கும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 14 வயதில் ஜோர்ஜ் றீபோ என்ற புத்தகம் கட்டுபவரிடம் ஏழு வருடத் தொழில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் வாசிக்கத் தொடங்கினார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய பகுதியையும், ஜேன் மார்செட் என்ற பெண் எழுதிய இரசாயன நூலையும் அப்படித்தான் படித்தார். வாசித்ததைச் சிறிய சோதனைகளாகச் செய்தும் பார்த்தார். வேலை நேரம் வீணாகிறது என்று றீபோ தடுத்திருக்கலாம். அவர் தடுக்கவில்லை. 1812இல் கடையின் வாடிக்கையாளர் ஒருவர், ரோயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளுக்கு இந்த இளைஞனுக்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். பரடே குறிப்பெடுத்தார், அவற்றை விரித்து எழுதிப் படங்கள் வரைந்தார், தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அங்கே உதவியாளர் ஒருவர் வேலைநீக்கப்பட்டபோது, 1813 மார்ச் மாதத்தில் அந்த இடம் பரடேக்குக் கிடைத்தது.

அதே வருடம் டேவியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். ஆய்வு உதவியாளராகப் போனவரே பணியாளரின் வேலையையும் பார்க்க வேண்டியிருந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். ஆனால், அந்தப் பயணத்தில்தான் அம்பியர், வோல்ற்றா போன்றவர்களைச் சந்தித்தார்.

1820இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஈர்ஸ்டெட் ஒரு விடயத்தைக் கண்டறிந்தார். மின்னோட்டம் செல்லும் கம்பிக்கு அருகில் திசைகாட்டி ஊசி திரும்புகிறது. ஐரோப்பா முழுவதும் இதைப் பற்றியே பேச்சு. ஊசி ஏன் கம்பியை நோக்கி வராமலும் விலகாமலும் பக்கவாட்டில் திரும்புகிறது என்பதைப் பரடே கவனித்தார். அந்த விசை கம்பியைச் சுற்றி வட்டமாக இருக்கிறது என்றால், காந்தம் ஒன்றைச் சுற்றிக் கம்பி ஓயாமல் சுழல வேண்டும்.

கடையில் வேலை பழகிய எவருக்கும் அடுத்த சிக்கல் விளங்கும். கம்பி சுழல வேண்டுமென்றால் அதன் முனை எதிலும் கட்டப்பட்டிருக்கக்கூடாது. மின்சாரம் ஓட வேண்டுமென்றால் அதே முனை ஏதோ ஒன்றோடு இணைந்திருக்க வேண்டும். பரடே கண்ட வழி பாதரசம். அது உலோகம், ஆகவே மின்சாரத்தைக் கடத்தும். அது திரவம், ஆகவே கம்பிக்கு வழிவிடும். ஒரு கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, நடுவில் காந்தமொன்றை நிமிர்த்தி வைத்தார். மேலிருந்து தளர்வாகத் தொங்கவிட்ட கம்பியின் நுனி பாதரசத்தைத் தொட்டது. மின்கலத்தை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்கியது. 1821 செப்டெம்பர் தொடக்கத்தில் இது நடந்தது. மின்சாரத்தால் தொடர்ந்து சுழன்ற முதற்பொருள் அதுதான். பரடே அதன் சிறிய மாதிரிகளைச் செய்து வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். கம்பி சுழல்வதைக் கண்ணால் பார்த்தவர்களோடு அதற்குமேல் வாதாடத் தேவையிருக்கவில்லை.

ஆனால், அந்தச் சிறிய கிண்ணம் அவருக்குப் பெரிய மனவேதனையையும் கொண்டுவந்தது. வில்லியம் வொலஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானி, கம்பி தன் அச்சில் தானே சுழலும் என்று எதிர்பார்த்து, டேவியோடு சேர்ந்து முயன்று பார்த்திருந்தார். அது பலிக்கவில்லை. பரடே அவசரமாக வெளியிட்ட கட்டுரையில் வொலஸ்டனின் பெயர் இருக்கவில்லை. புத்தகம் கட்டிய பையன் பெரியவரின் எண்ணத்தைத் திருடிவிட்டான் என்ற கதை பரவியது. பரடே காட்டியது வேறு வகையான சுழற்சி. அவர் நேரே வொலஸ்டனிடம் போய் விளக்கினார், வொலஸ்டனும் பகைமை பாராட்டவில்லை. ஆனால், ரோயல் சொசைட்டியின் தலைவராக இருந்த டேவி, பரடே அங்கத்தவராவதை எதிர்த்தார். 1824 ஜனவரியில் ஒரேயொரு எதிர்வாக்கோடு பரடே தெரிவுசெய்யப்பட்டார். தன்னைக் கைதூக்கிவிட்டவரே குறுக்கே நின்றதை அவர் எப்படித் தாங்கிக்கொண்டார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். டேவியைப் பற்றி அவர் மரியாதையாகவே பேசிவந்தார்.

பத்து வருடங்களுக்குப் பிறகு கேள்வி மறுபக்கம் திரும்பியது. மின்சாரத்தால் சுழற்சியை உண்டாக்கலாம் என்றால், காந்தத்தைக் கொண்டு மின்சாரத்தை உண்டாக்க முடியாதா? 1831 ஓகஸ்ட் 29 அன்று இரும்பு வளையமொன்றில் இரண்டு சுருள்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மற்றச் சுருளில் ஒரு துடிப்புத் தெரிந்தது. ஒக்டோபர் 17 அன்று காந்தக் கோலொன்றைச் சுருளுக்குள் தள்ளினார். அசையும்போது மட்டும் மின்சாரம், நின்றால் இல்லை. எல்லாமே கணநேரத் துடிப்புகள். தொடர்ந்து வரும் மின்சாரம் வேண்டுமென்றால் தொடர்ந்து அசையும் ஒன்று வேண்டும். அப்படியானது சுழலும் பொருள்தான். ஆக, பழைய சிக்கல் மறுபடியும் வந்து நின்றது.

ஒக்டோபர் 28 அன்று, ரோயல் சொசைட்டிக்குச் சொந்தமான மிகப் பெரிய காந்தத்தின் துருவங்களுக்கு இடையே ஒரு செப்புத் தகட்டைச் சுழற்றினார். தகட்டின் விட்டம் 12 அங்குலம், தடிப்பு ஏறத்தாழ அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நவம்பர் 24 அன்று ரோயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட கட்டுரையில், இந்தத் தகட்டைத் தொடும் பாகங்களைப் பற்றி அவர் எழுதிய விவரங்களை வாசித்தபோது, எங்கள் கடைப் பெரியவர் பேசுவதைக் கேட்பதுபோல இருந்தது. தகட்டின் விளிம்பிலும் அச்சைச் சுற்றிய பகுதியிலும் பாதரசம் பூசினார். செம்பிலும் ஈயத்திலும் 4 அங்குல நீளமான சிறு பட்டைகள் செய்தார். அவற்றின் முனை விளிம்போடு ஒட்டிப் பொருந்துவதற்காக அதில் மெல்லிய பள்ளம் வெட்டினார். அந்த முனைக்கும் பாதரசம் பூசினார். தொடர்பு நல்லதாகவும் இருக்க வேண்டும், அசைவதற்கு இடங்கொடுப்பதாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை.

இது வீண் கவலை அல்ல. அப்படிப்பட்ட தகட்டில் உண்டாகும் மின்னழுத்தம் மிகச் சிறியது. தொடும் இடத்தில் கொஞ்சம் அழுக்கோ இடைவெளியோ இருந்தால் அந்தத் தடையிலேயே எல்லாம் தொலைந்துபோகும். தகட்டைச் சுழற்றியபோது கல்வனோமானியின் ஊசி ஒருபக்கம் சாய்ந்து அங்கேயே நின்றது. மறுபக்கம் சுழற்றியபோது ஊசியும் மறுபக்கம் சாய்ந்தது. உலகின் முதல் மின்பிறப்பாக்கி அது. கொல்லரின் மகனாகவும் புத்தகம் கட்டுபவராகவும் பழகிய கைதான் அந்தப் பட்டையில் பள்ளம் வெட்டியது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருடமே பாரிஸில் பிக்ஸி என்ற கருவி செய்பவர், சுருளை நிறுத்திவைத்துக் காந்தத்தைச் சுழற்றும் இயந்திரமொன்றைச் செய்தார். என் சைக்கிள் டைனமோவின் மூதாதை அது. திசை மாறி மாறி வந்த மின்னோட்டத்தை ஒரே திசைக்குக் கொண்டுவர அம்பியரின் யோசனைப்படி திசைமாற்றி சேர்க்கப்பட்டது. பிறகு பாதரசம் போய், செப்புக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்த தூரிகைகள் வந்தன. இன்றைக்கும் நாங்கள் காபன் கட்டையை பிறஷ் என்று சொல்வது அதனால்தான். மென்மையான காபன், தான் தேய்ந்து செம்பைக் காப்பாற்றும். இன்று ஆஸ்பத்திரிகளில் சீ.ரி. ஸ்கான் இயந்திரத்தின் வளையம் நிற்காமல் ஒரே திசையில் சுற்றுவதும், கேபிளுக்குப் பதிலாக ஸ்லிப் ரிங் எனப்படும் வழுக்கு வளையங்கள் இருப்பதால்தான்.

பரடே தன் தகட்டை இயந்திரமாக்கி விற்கவில்லை. நாற்பதுகளில் நினைவாற்றல் குன்றி, நீண்ட காலம் ஆய்விலிருந்து விலகியிருந்தார். அரசு கொடுக்க வந்த பட்டத்தையும் ரோயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் மறுத்தார். ஆனால், கலங்கரை விளக்கங்களுக்கான ஆலோசகர் பணியை விடவில்லை. 1858 டிசெம்பரில் சவுத் போர்லண்ட் கலங்கரை விளக்கில், நீராவியால் சுழன்ற காந்த மின்பிறப்பாக்கி முதன்முதலாக மின்னொளி கொடுத்தது. 1860 பெப்ரவரியில் அந்த விளக்கைப் பரிசோதிக்கப் போனபோது பனி வீதியை மூடியிருந்தது. அன்று திரும்பிப் போனவர், சில நாட்களில் மறுபடியும் வந்து, வேலிகளையும் மதில்களையும் ஏறிக் கடந்து, வயல்களுக்கு ஊடாகப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 68 வயது. 1867 ஓகஸ்ட் 25 அன்று காலமானார்.

இப்போது எனக்கென்று ஒரு சிறிய கடை இருக்கிறது. கணிதத்தில் சித்தியடையாத பிள்ளைகளைப் பெற்றோர் இன்றும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்து விடும் விதத்திலேயே பிள்ளை தோற்றுவிட்டான் என்ற முடிவு தெரியும். பரடேக்கும் உயர்கணிதம் தெரியாது என்பதை அவர்களுக்குச் சொல்வேன். ஆனால், படிப்பு இல்லாமலே பெரியவராகலாம் என்று ஒருநாளும் சொல்வதில்லை, அது பொய். பரடேயைத் தூக்கிவிட்டது திறமை மட்டுமல்ல. வாசிக்க விட்ட ஒரு முதலாளி இருந்தார். நான்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர் இருந்தார். ஒரு ஆய்வுகூடத்தின் கதவு திறந்தது.

எங்கள் ஊரில் கைவேலை பழகும் பிள்ளைக்கு அந்த நான்கு சீட்டுகளை யார் கொடுப்பது? பல்கலைக்கழக ஆய்வுகூடத்தை அவன் உள்ளே போய்ப் பார்க்க ஒருநாளாவது வழியிருக்கிறதா? என்னால் முடிந்தது கொஞ்சம்தான். கடையில் ஒரு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். மத்தியானம் வேலை குறைந்த நேரத்தில் யாராவது பையன் அதை எடுத்து விரித்துவைத்துக்கொண்டு இருந்தால், நான் அவனைக் கூப்பிடுவதில்லை.