வார்ப்படத் தொழிலாளியின் மகன்

அமெரிக்காவின் டெட்ராய்ட்டை மோட்டார் நகரம் என்பார்கள். அந்நகரில் 1925ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் ஜான் டிலோரியன் பிறந்தார். தந்தை ருமேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். ஃபோர்டு தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவில் வேலை. தாயும் ஆலைத் தொழிலாளிதான். நான்கு ஆண்பிள்ளைகளில் ஜான் மூத்தவர்.

டிலோரியன் என்றதும் நம் நண்பர்கள் பலருக்கும் 1985இல் வந்த ஆங்கிலத் திரைப்படத்தில் காலத்தைக் கடந்து பறக்கும் கார்தான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அந்தக் காரைப் பற்றி மட்டுமன்று. கியரை ஓட்டுநர் மாற்றுவதா, இயந்திரத்திடமே விட்டுவிடுவதா என்ற பழைய வழக்கில் இரு கட்சிக்கும் உழைத்த மனிதரைப் பற்றி.

படிப்பு இவருக்கு எளிதாக அமையவில்லை. 1942இல் பெற்றோர் பிரிந்தனர். உதவித்தொகை பெற்று லாரன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தவரை 1943இல் இராணுவம் அழைத்துக்கொண்டது. மூன்றாண்டு கழித்துத் திரும்பினால் வீட்டில் தாயும் தம்பியரும் வறுமையில் வாடுகின்றனர். கல்லூரிக்குப் போவதா, குடும்பத்தைக் காப்பதா? நகரத் தெருவிளக்குத் துறையில் வரைபடம் வரையும் வேலைக்குப் போனார். ஒன்றரை ஆண்டு அப்படி உழைத்த பிறகே கல்லூரிக்குத் திரும்பி 1948இல் பட்டம் பெற்றார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். என் அப்பாவும் பவுண்டரித் தொழிலாளி; கொதிக்கும் இரும்பை அச்சில் ஊற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னோடு முதலாண்டில் சேர்ந்தவர்களில் இருவர் வீட்டு நிலைமையால் நின்றுவிட்டார்கள். அந்த ஒன்றரை ஆண்டில் ஜான் திரும்பி வராமலே போயிருக்கலாம். அப்படிப் போனவர்களுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை.

பட்டம் பெற்றதும் சிலகாலம் ஆயுள் காப்பீடுகூட விற்றார். பின்னர்க் கிரைஸ்லர் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் மேற்பட்டம் பெற்று, 1952இல் பேக்கார்டு கம்பெனியில் பொறியாளரானார். அங்கே அவர் கையில் வந்து சேர்ந்தது அல்ட்ராமேட்டிக் என்ற தானியங்கிக் கியர்ப்பெட்டி.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. ஓடும் மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் காற்றின் வேகத்தில் அதுவும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய். இரண்டு விசிறிகளையும் ஒரே கலத்துக்குள் அடைத்துவிட வேண்டியது. ஒன்றை இயந்திரம் சுழற்றும். மற்றது சக்கரங்களைத் திருப்பும். இடையே திரும்பி வரும் எண்ணெயை நெறிப்படுத்த மூன்றாவதாக ஒரு சக்கரம். அதனால் புறப்படும்போது திருப்புவிசை பெருகுகிறது. மிதிக்கக் கிளட்ச் இல்லை. ஆனால் எண்ணெய் சறுக்குகிற அளவுக்கு ஆற்றல் வெப்பமாகி வீணாகும். 1949இல் வந்த அல்ட்ராமேட்டிக் சாதாரண ஓட்டத்தில் கியரே மாற்றாமல் இந்த எண்ணெயை மட்டும் நம்பிப் புறப்பட்டது. அதனால் பயணம் வெண்ணெய், வேகமோ ஆமை. டிலோரியனும் தோழர்களும் அதைச் செப்பனிட்டுத் தாழ்ந்த கியரில் புறப்படும்படி செய்தனர். தானியங்கியில் இவர் தேர்ந்தது அங்கேதான்.

1956இல் ஜெனரல் மோட்டார்ஸின் போன்டியாக் பிரிவுக்கு வந்தார். 1961இல் தலைமைப் பொறியாளர். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். பெரிய காருக்குரிய 389 கன அங்குல இயந்திரமோ நடுத்தரக் காரில் இருந்த 326 இயந்திரத்தின் இடத்தில் அப்படியே பொருந்தும். உடனுழைத்த பொறியாளர்கள் இதை எடுத்துக்காட்ட, டிலோரியன் ஒரு வழி கண்டார். சட்டம் புதிய காருக்குத்தானே? இதைக் கார் என்று சொல்லாமல், விரும்பியவர் சுமார் 295 டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பூட்டிக்கொள்ளும் சாமான் என்றார்! அதுவே 1964ஆம் ஆண்டின் ஜி.டி.ஓ.; 325 குதிரைத்திறன். ஐயாயிரம் விற்றால் போதும் என்று தொடங்கியது, முதலாண்டிலேயே 32,450 விற்றது. மஸில் கார் என்ற கட்டுமஸ்தான வண்டிகளின் காலம் அதிலிருந்துதான் சூடு பிடித்தது.

தானியங்கியில் தேர்ந்தவர் இந்த வண்டிக்கு எதைக் கொடுத்தார்? தரையிலிருந்து எழும் கியர் லிவரும் மூன்று கியரும் சாதாரணமாக வரும். கூடுதல் காசுக்கு நான்கு கியர் கிடைக்கும். தானியங்கியும் உண்டு; ஆனால் அதற்கு இரண்டே கியர். எந்த இயந்திரத்துக்கும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் முழு வலு. நான்கு படி உள்ளவன் அந்த வலுவைப் பிடித்துக்கொண்டே ஏறுவான். இரண்டே படியில் ஏறுகிறவன் நடுவில் தொய்வான். ஆகவே 1964ஆம் ஆண்டு வண்டி என்றால் கையால் மாற்றும் நான்கு கியர்தான் என்பது என் கட்சி. 1967இல் மூன்று கியர்த் தானியங்கி வந்ததும் கதை மாறிற்று. நடுப்பெட்டியோடு வாங்கினால் அதன் லிவருக்கு இரண்டு தடங்கள்: ஒன்றில் விட்டால் வண்டி தானே கியர் மாற்றும், மற்றதில் தள்ளினால் நாமே மாற்றலாம். அந்த ஆண்டு வண்டியைத் தேடுகிறவர் தானியங்கி என்றால் நான் வாதாட மாட்டேன். நெரிசலில் நின்று நின்று போகும் ஊரில் கனத்த கிளட்சை மிதிக்கும் இடதுகாலுக்குத்தான் அருமை தெரியும். (நான் ஓட்டுவது சைக்கிள். அதற்குக் கியரே கிடையாது.)

1965இல், நாற்பது வயதில், போன்டியாக்கின் தலைவர், 1969இல் செவ்ரலே, 1972இல் துணைத் தலைவர். 1973இல் அத்தனையையும் உதறிவிட்டு வெளியேறினார்.

சொந்தக் கம்பெனிக்கு வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் அருகே டன்மரியில் ஆலை எழுந்தது. பிரிட்டிஷ் அரசு கிட்டத்தட்ட 8 கோடி பவுண்டு கொடுத்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் குண்டும் துப்பாக்கியுமாக மோதிய காலம் அது. ஆலைக்குள் இரு சாராரும் ஒன்றாக வேலை செய்தனர். 1981இல் கார் வந்தது. துருப்பிடிக்காத எஃகு உடல், மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், ஐந்து கியர் அல்லது மூன்று கியர்த் தானியங்கி எல்லாம் சரி. அமெரிக்காவில் இயந்திரத்தின் திறன் 130 குதிரைதான்! கையால் மாற்றினால் என்ன, தானே மாறினால் என்ன?

1982 பிப்ரவரியில் கம்பெனி கடன்காரர் பொறுப்புக்குப் போனது. அக்டோபரில் போதைப்பொருள் வழக்கில் டிலோரியன் கைதானார். ஆலையும் அப்போதே மூடப்பட்டது. 1984இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவருக்கு விடுதலை, வேலையிழந்த ஏறக்குறைய 2,500 தொழிலாளருக்கு? வார்ப்படத் தொழிலாளியின் மகன் அந்தக் கணக்கை எண்ணிப் பார்த்தாரா என்று நான் அவரிடம் கேட்கவே விரும்புவேன். அவர்மீது எனக்குள்ள மதிப்பு அந்த ஒரு கேள்வியில் தட்டி நின்றுவிடுகிறது.

1999இல் திவாலானார். 2005 மார்ச் 19ஆம் நாள் மறைந்தார். மிச்சிகன் மாநிலத்தில் உள்ள அவர் கல்லறைக் கல்லில், இரு கதவுகளும் மேலே விரிந்த அந்த எஃகுக் கார் செதுக்கப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் ஜி.டி.ஓ.வைச் செதுக்கச் சொல்லியிருப்பேன்.